குடும்பத்தோடு வன்னிக்கு வருகிறவர்களுக்கு: டிக்கெற்றும் வானும் மலிவாகப் பிடிக்கும் வழி

ஜூன் பிறந்துவிட்டால் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்து வாடகை வான்காரரின் ஃபோன் ஓயாது. லண்டன், பாரிஸ், ரொறன்ரோ, சூரிச் என்று எங்கிருந்து அழைப்பு வந்தாலும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணை, எயார்போட்டுக்கு எவ்வளவு?" கேட்கிறவர்களில் பலர் அதற்கு முதலே டிக்கெற்றை எடுத்து முடித்திருப்பார்கள். விமானம் இரவு பதினொரு மணிக்கு இறங்கும். பிள்ளைகள் மூன்று பேர், பெட்டி பத்து. டிக்கெற்றில் மிச்சம் பிடித்த காசு, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கிய கையோடு ஹோட்டலுக்கும் வானுக்கும் போய்விடும்.

முதல்முறையாகக் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: விமானத்தையும் வானையும் ஒரே தாளில் எழுதிக் கணக்குப் பாருங்கள். உங்கள் பயணம் முடிகிற இடம் கட்டுநாயக்கா இல்லை. விசுவமடுவிலோ ஒட்டுசுட்டானிலோ இருக்கிற வீட்டு வாசல். அதுவரைக்கும் ஆகிற செலவுதான் டிக்கெற்றின் உண்மையான விலை.

முதலில் திகதி

பிள்ளைகளுக்குப் பள்ளி மூடினால்தான் வரமுடியும் என்பதால் ஜூலை, ஓகஸ்ட், டிசம்பர் என்று எல்லோரும் ஒரே நேரத்தில்தான் கிளம்புகிறார்கள். விமான நிறுவனங்களுக்கும் அது தெரியும். கனடாவில் ஜூன் கடைசியிலும் இங்கிலாந்தில் ஜூலை மூன்றாம் நான்காம் வாரத்திலும் விலை ஏறும். பள்ளி மூடுகிற அந்த வார இறுதிதான் மிக மோசம். அதைத் தாண்டி நாலைந்து நாள் கழித்து, செவ்வாயோ புதனோ புறப்பட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். திரும்புகிற பயணத்துக்கும் இதே கதைதான். ஓகஸ்ட் கடைசி வாரம் இங்கிருந்து போகிற விமானங்கள் நிரம்பி வழியும். பள்ளி திறப்பதற்கு முதல்நாள்தான் போய் இறங்கவேண்டும் என்று நிற்காமல் ஒரு வாரம் முன்னதாகத் திரும்பினால் காசும் மிச்சம், பிள்ளைகளின் நித்திரையும் ஒழுங்குக்கு வரும்.

இங்கத்தைய நாட்காட்டியையும் பக்கத்தில் வையுங்கள். நல்லூர்த் திருவிழா 25 நாள், ஜூலை கடைசிக்கும் செப்டெம்பர் நடுப்பகுதிக்கும் இடையில் வரும். ஓகஸ்ட் 15 மடு மாதா திருவிழா. ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் கலியாண ஹயர்கள், அதாவது வாடகை ஓட்டங்கள், தொடங்கிவிடும். இந்த நாட்களில் வடக்கில் நல்ல வான் ஒன்று கடைசி நேரத்தில் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் சொன்ன விலைதான். வைகாசி விசாகத்தை ஒட்டி வருகிற வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வருகிறவர்களும் வானை முற்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

டிசம்பரில் வருகிறவர்களுக்கு ஒரு சொல். அது வன்னியின் மழைக்காலம். இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவு திறக்கிற காலமும் அதுதான். பரந்தன் முல்லைத்தீவு வீதியிலும் உள்வீதிகளிலும் தண்ணீர் ஏறினால் இரண்டு மணி நேரப் பயணம் நாலு மணி நேரமாகும். குளங்கள் நிரம்பிக் கிடக்கிற அழகைப் பார்க்கவேண்டும் என்றால் தாராளமாக வாருங்கள். ஆனால் திரும்புகிற விமானத்துக்கு அன்றைக்குக் காலையில் வீட்டிலிருந்து புறப்படும் யோசனையை விட்டுவிடுங்கள்.

கட்டுநாயக்காவா, பலாலியா?

கட்டுநாயக்காவுக்கு லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் ஸ்ரீலங்கன் விமானம் நேரடியாக வருகிறது. கனடாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது. டுபாய், டோஹா, அபுதாபி, இஸ்தான்புல், இல்லாவிட்டால் இந்திய நகரம் ஒன்றில் மாறித்தான் வரவேண்டும். இறங்கிய பிறகு கிளிநொச்சிக்கு ஏறத்தாழ 300 கிலோமீற்றர். புத்தளம், அனுராதபுரம், வவுனியா வழியாக ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும்.

மற்ற வழி சென்னை. லண்டனிலிருந்தும் ஃபிராங்ஃபேர்ட்டிலிருந்தும் சென்னைக்கு நேரடி விமானங்கள் இருக்கின்றன. பலாலி 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொரோனாவில் நின்றுபோன சென்னைச் சேவையை 2022 டிசம்பரில் அலையன்ஸ் ஏர் மீண்டும் தொடங்கியது. இன்டிகோ 2024 செப்டெம்பரில் சென்னையிலிருந்தும், 2025 மார்ச் கடைசியில் திருச்சியிலிருந்தும் பறக்கத் தொடங்கியது. பலாலியில் இறங்கினால் கிளிநொச்சிக்கு 80 கிலோமீற்றர் அளவுதான், இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம்.

கேட்க நல்லாய்த்தான் இருக்கும். ஆனால் கணக்கை முழுதாகப் போடுங்கள். இரண்டு டிக்கெற்றையும் தனித்தனியாக எடுத்தால் சென்னையில் குடிவரவைத் தாண்டி, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்யவேண்டும். அதற்கு ஆளாளுக்கு இந்திய விசா வேண்டும், கைக்குழந்தைக்கும்தான். முதல் விமானம் பிந்தி அடுத்ததைத் தவறவிட்டால் யாரும் பொறுப்பு எடுக்கமாட்டார்கள். பலாலிக்கு வருவது ஏடிஆர் என்கிற சின்ன விமானம், சாமான் அனுமதி நீங்கள் ரொறன்ரோவில் ஏற்றிய அளவுக்கு இராது. மேலதிக கிலோவுக்குக் கட்டுகிற காசையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

என் அபிப்பிராயம்: சென்னையில் எப்படியும் இரண்டு மூன்று நாள் நின்று சேலை வாங்கி, கோயிலும் கும்பிட்டு வரப்போகிறவர்களுக்குப் பலாலி அருமையான வழி. நேரே வீட்டுக்கு வரவேண்டும், கையில் பத்துப் பெட்டி இருக்கிறது என்றால் கட்டுநாயக்காதான்.

டிக்கெற் தேடும் விதம்

கூகிள் ஃபிளைற்ஸ், ஸ்கைஸ்கானர், கயாக் மூன்றில் எதைத் திறந்தாலும் முதலில் மாதம் முழுவதற்குமான விலையைக் காட்டுகிற அட்டவணையைப் பாருங்கள். எந்த நாள் மலிவு என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். விலை குறைந்தால் மின்னஞ்சலில் அறிவிக்கும் வசதியையும் போட்டுவிடுங்கள். கண்டுபிடித்த பிறகு அதே விமானத்தை அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலும் பாருங்கள். விலை ஒன்றாகவோ கொஞ்சம் கூடவோ இருந்தால் அங்கேயே எடுப்பதுதான் நல்லது. திகதி மாற்றவேண்டி வந்தால் இடையில் இன்னொருவரைக் கெஞ்சவேண்டியதில்லை.

குடும்பமாகத் தேடும்போது பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. விமானத்தில் இருக்கைகளைப் பல விலைப் படிகளாகப் பிரித்துத்தான் விற்பார்கள். மலிவான படியில் மூன்று இருக்கைதான் மிச்சம், நீங்கள் ஐந்து பேருக்குத் தேடுகிறீர்கள் என்றால், ஐந்து பேருக்குமே அடுத்த படியின் விலையைத்தான் காட்டும். அதனால் முதலில் ஒருவருக்குத் தேடுங்கள், பிறகு இரண்டு, மூன்று என்று கூட்டிப் பாருங்கள். எங்கே விலை சட்டென்று ஏறுகிறதோ அங்கே பிரித்து இரண்டு பதிவாக எடுக்கலாம். ஒவ்வொரு பதிவிலும் பெரியவர் ஒருவர் இருக்கவேண்டும். விமானம் ரத்தானால் இரண்டு பதிவையும் தனித்தனியாகத்தான் மாற்றிக் கொடுப்பார்கள் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சின்னத் தொகைக்காக நான் பிரிக்கச் சொல்லமாட்டேன்.

இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தை மடியில் வந்தால் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கும் வரியும்தான். ஆனால் குழந்தை ஊரில் நிற்கும்போது இரண்டு வயது நிறைந்தால், திரும்பும் பயணத்துக்குத் தனி இருக்கை எடுக்கவேண்டும். பிறந்தநாளை வீட்டில் கொண்டாட ஆசைப்பட்டால் இதையும் யோசித்துத் திகதியைப் போடுங்கள்.

சாமான் விடயத்தில் ஒரு கிலோ கூடினாலும் கவுண்டரில் கட்டுகிற காசு வயிறெரியும். மேலதிகப் பெட்டி நிச்சயம் என்றால் முன்கூட்டியே இணையத்தில் வாங்குங்கள், விலை குறைவாக இருக்கும். சொக்லேற்றும் சவர்க்காரமும் கிளிநொச்சிக் கடைகளிலேயே கிடைக்கின்றன. அவற்றை நிறுத்துச் சுமந்துகொண்டு வருவதை நம்மவர்கள் எப்போது விடுவார்களோ தெரியவில்லை.

ஐரோப்பாவிலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ புறப்படுகிறவர்களுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. விமான நிறுவனத்தின் தவறால் நீங்கள் மூன்று மணி நேரத்துக்கு மேல் பிந்திப் போய்ச் சேர்ந்தால் நட்டஈடு கேட்கலாம். இந்தத் தூரத்துக்கு அது ஆளுக்கு 600 யூரோ, இங்கிலாந்தில் 520 பவுண் வரை போகும். மொத்தப் பயணமும் ஒரே பதிவாக இருந்தால்தான் இடையில் தவறிய விமானத்துக்கும் அது செல்லும்.

ஏஜென்சியில் எடுப்பதானால்

பாரிஸ் லா சப்பலிலும் ரொறன்ரோ ஸ்கார்பரோவிலும் லண்டன் ஈஸ்ட்ஹாமிலும் இருக்கிற நம்மவர்களின் ஏஜென்சிகளில் சிலவேளை இணையத்தில் கிடைக்காத விலை கிடைக்கும். அம்மம்மாவுக்குச் சக்கர நாற்காலி சொல்லிவைப்பது, எல்லோரையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்துவது போன்ற சோலிகளையும் அவர்களே பார்ப்பார்கள். நல்ல விடயம்தான். ஆனால் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள். ஆறு எழுத்துப் பதிவு எண்ணைக் கையில் தந்துவிட்டால் டிக்கெற் ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. இருக்கையை மட்டும் பிடித்துவைத்துக் காசு கட்டாமல் விட்டாலும் அந்த எண் வரும். டிக்கெற் வெட்டியதற்கு அடையாளம் ஒவ்வொருவர் பெயருக்கும் தனித்தனியாக உள்ள 13 இலக்க எண். காசு கட்டியதும் அதைக் கேட்டு வாங்கி, விமான நிறுவனத்தின் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். லண்டன் ஏஜென்சி என்றால் அடோல் பதிவு இருக்கிறதா, ஒன்ராறியோ என்றால் டிகோ பதிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏஜென்சி கையை விரித்தால் பணத்தைத் திரும்பக் கேட்க உங்களுக்கு இருக்கிற வழி அதுதான்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருகிறவர்கள் இலங்கைக்கான இணைய விசா அனுமதியை அரசாங்கத் தளத்தில் மட்டும் எடுங்கள். தேடும்போது மேலே வருகிற தனியார் தளங்கள் அதே வேலைக்குக் கூடக் காசு எடுக்கும். முகவரி அரசாங்கத்தின் .gov.lk என்ற முடிவோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கார்ட் இலக்கத்தைப் போடுங்கள்.

இனி வான்

இங்கேதான் அதிகம் கவனம் வேண்டும். டிக்கெற்றை முழுதாக உறுதிசெய்ய முன்னமே இரண்டு மூன்று வான்காரரிடம் விலை கேட்டுவிடுங்கள். வட்ஸ்அப்பிலோ வைபரிலோ கேட்டு எழுத்தில் வாங்குங்கள். "பார்த்துச் செய்வம் அண்ணை" என்பது விலை இல்லை.

கொழும்பு வான் ஒன்றைப் பிடித்தால் உங்களை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பவேண்டும். வன்னி வான் என்றால் வெறுமையாக வரவேண்டும். எப்படியும் போக வர இரண்டு பக்கக் காசும் உங்கள் தலையில்தான். இதைக் குறைக்க ஒரு வழி உண்டு. நீங்கள் வருகிற நாளிலேயே யாரையாவது விமானம் ஏற்ற ஊரிலிருந்து வான் ஒன்று போகும். அது சும்மா திரும்பி வருவதைவிட உங்களை ஏற்றிக்கொண்டு வந்தால் அவருக்கும் லாபம், உங்களுக்கும் லாபம். "அந்தத் திகதியில எயார்போட் ஹயர் இருக்கா?" என்று ஊரில் இருக்கிற சொந்தக்காரரைக் கொண்டு கேட்பியுங்கள். ஜூலை ஓகஸ்டில் அநேகமாக இருக்கும்.

"பதினாலு சீற் வான்" என்று சொன்னால் பதினாலு பேர் இருக்கலாம், பெட்டியோடு இருக்க முடியாது. ஐந்து பேர், பத்துப் பெட்டி என்றால் கேடிஎச் என்கிற டொயோட்டா வானில் பின்வரிசையை மடக்கித்தான் ஏற்றவேண்டும். வானின் உள்ளும் புறமும் படம் அனுப்பச் சொல்லுங்கள். உயரக் கூரையா தட்டைக் கூரையா, பின்னுக்கும் ஏசி வருகிறதா, பின் இருக்கைகளில் பெல்ற் இருக்கிறதா என்று கேளுங்கள். சோளகம் வீசுகிற ஓகஸ்டில் மதியம் ஏசி முன்னுக்கு மட்டும் வருகிற பழைய டொல்பின் வானில் சின்னப் பிள்ளைகளைக் கொண்டுவருவது பாவம். பிள்ளைகளுக்கான கார் இருக்கை இங்கே கேட்டால் கிடைப்பது அரிது. பல விமான நிறுவனங்கள் அதைக் காசில்லாமல் ஏற்றும், கொண்டே வாருங்கள்.

அடுத்தது இரவுப் பயணம். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். மாலை வன்னியிலிருந்து புறப்பட்டு, நடுச்சாமத்தில் உங்களை ஏற்றி, நித்திரை இல்லாமல் விடிய விடிய ஓட்டிக்கொண்டு வருகிற டிரைவரின் கையில் குடும்பத்தைக் கொடுக்காதீர்கள். ஏ-9 நேரான வீதி, ஓட்டம் சீராக இருக்கும், அதுவே கண்ணைச் சொக்கவைக்கும். ஓமந்தை தாண்டினால் கட்டாக்காலி மாடுகள் நடுவீதியில் படுத்திருக்கும், கறுப்பு மாடு கிட்டப் போகும்வரை தெரியாது. இரவு இறங்குகிறீர்கள் என்றால் நீர்கொழும்பில் ஓர் இரவு தங்கி, விடியப் புறப்படுங்கள். முடியாவிட்டால் இரண்டு டிரைவர் வேண்டும் என்று பேசிக் காசைக் கொடுங்கள். காலையில் இறங்குகிற விமானம் கொஞ்சம் விலை கூடவாக இருந்தாலும் எடுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஹோட்டல் காசைக் கழித்துப் பார்த்தால் பலவேளை அது கூடவும் இராது.

நாள்கணக்கில் வான் வைத்திருப்பதானால் பேரம் வேறு. "ஒரு நாளைக்கு 100 கிலோமீற்றர், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் இவ்வளவு" என்பதுதான் வழக்கமான பேச்சு. அதை நாளுக்கு நாள் கணக்கிடாமல் மொத்தமாகக் கணக்கிடச் சொல்லுங்கள். பத்து நாளுக்கு 1000 கிலோமீற்றர் என்று வைத்தால், வற்றாப்பளைக்குப் போய்விட்டு வீட்டில் நின்ற நாளின் மிச்சம் மன்னார் போகிற நாளுக்கு உதவும். கிளிநொச்சியிலிருந்து பூநகரி வழியாக மன்னார், திருக்கேதீஸ்வரம், மடு போய் வவுனியா வழியாகத் திரும்பினால் அந்த ஒரு நாளே 200 கிலோமீற்றரைத் தாண்டிவிடும்.

டீசல் யாருடையது, டிரைவரின் சாப்பாடும் படுக்கையும் யாருடையது, கிலோமீற்றர் எங்கிருந்து எண்ணப்படும் என்ற மூன்றையும் முதலிலேயே பேசிவிடுங்கள். எரிபொருள் விலையை இங்கே மாதாமாதம் மாற்றுவார்கள், அதனால் ஏப்ரிலில் பேசிய விலை ஓகஸ்டில் கொஞ்சம் அசையலாம். எவ்வளவுக்கு அசையலாம் என்றும் கேட்டுவையுங்கள். விலையை ரூபாயில் பேசுங்கள். பவுணிலும் டொலரிலும் பேசத் தொடங்கினால் விலை தானாக ஏறும்.

மச்சானின் வான் இருக்கிறது, அதில் போகலாம் என்பார்கள். சும்மா போவதென்றால் சரி. காசு கொடுத்துப் போவதென்றால் காப்புறுதி எந்த வகை என்று கேளுங்கள். தனிப்பட்ட பாவனைக்குக் காப்புறுதி செய்த வாகனம் ஹயர் ஓடும்போது அடிபட்டால் காப்புறுதி நிறுவனம் கையை விரிக்கலாம். மச்சானுக்கும் அது தலையிடி.

நானே ஓட்டுகிறேன் என்பவர்களுக்கு

செய்யலாம். சர்வதேச அனுமதிப்பத்திரம் மட்டும் போதாது, உள்ளூர் அனுமதியும் வேண்டும். 2025 ஓகஸ்டிலிருந்து வெளிநாட்டவருக்குத் தற்காலிக அனுமதி கொடுக்கும் கருமபீடம் கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே இருக்கிறது. காரை எடுக்கும்போது நாலு பக்கமும், சில்லுகளும், டாஷ்போர்ட்டும் தெரிய வீடியோ எடுத்துவையுங்கள். பிணையாகக் கடவுச்சீட்டைக் கேட்டால் கொடுக்காதீர்கள், பிரதி போதும். வேக எல்லை ஊர்மனைக்குள் 50, வெளியே 70. ஏ-9 வெறுமையாகக் கிடக்கிறதே என்று அழுத்தினால் மர நிழலில் பொலிஸ் நிற்கும்.

வலப்பக்கமாகவே ஓட்டிப் பழகிய கனடா, பிரான்ஸ்காரருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். டிரைவரோடு வான் எடுப்பதற்கும் இதற்கும் காசில் பெரிய வித்தியாசமும் வராது.

ஊருக்கு வந்த பிறகு

வான் முற்றத்தில் சும்மா நிற்கிற நாளுக்கும் காசுதான். முதல் இரண்டு நாள் எப்படியும் சொந்தக்காரர் வந்துபோவதிலேயே கழியும். சந்தைக்கும் கோயிலுக்கும் ஓட்டோ போதும். தூரப் பயணங்களை ஒன்றாகச் சேர்த்து மூன்று நாலு நாளுக்கு மட்டும் வான் எடுங்கள். கொழும்பில் பழகியதுபோல ஃபோனைத் தட்டினால் வாகனம் வரும் என்று வன்னியின் உள்ளூர்களில் எதிர்பார்க்கவேண்டாம். அயலில் ஓட்டோ ஓடுகிற தம்பி ஒருவரின் இலக்கம்தான் இங்கே ஆப்.

பெட்டி குறைவாக இருந்தால் ஒரு பக்கம் ரயிலையும் யோசியுங்கள். கிளிநொச்சிக்கு 2013 செப்டெம்பரிலும் யாழ்ப்பாணத்துக்கு 2014 ஒக்டோபரிலும் ரயில் திரும்பி வந்தது. வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் எல்லாம் அந்தப் பாதையில்தான் இருக்கின்றன. பதிவு இருக்கைகள் விடுமுறைக் காலத்தில் திறந்ததும் முடிந்துவிடும், அந்த நேரத்தில் சேவை நடக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு அது வானைவிட மேல்.

திரும்புகிற வானை வந்து இறங்கிய வாரத்திலேயே சொல்லிவையுங்கள். முதல்நாள் இரவு டிரைவருக்கு மறுபடி ஒரு அழைப்பு எடுங்கள். புறப்படும் நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடும்போது விமானத்துக்கு மூன்று மணி நேரம், வீதிக்கு எட்டு மணி நேரம், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் என்று வையுங்கள். மாங்குளம் பக்கமிருந்து ஏறுகிறவர்கள் இதோடு நிறுத்தலாம். கிளிநொச்சிப் பக்கமிருந்து வருகிறவர்கள் முறிகண்டிப் பிள்ளையாருக்கு அரை மணி நேரம் சேர்க்கவேண்டும். டிரைவர் தேங்காய் உடைக்காமல் தாண்டமாட்டார், பிள்ளைகள் கச்சான் வாங்காமல் ஏறமாட்டார்கள்.